98 சதவீதம் சாப்பிடுவது யார்?

"சிஸ்டம் ஐடில் ப்ராசஸ் என்று ஒன்று 98 சதவீத சி.பி.யு.வைச் சாப்பிடுகிறதே, வைரஸா?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்டவுடன் எனக்கு 2004ஆம் ஆண்டு நினைவுக்கு வந்துவிடும். அப்போது வாங்கிய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் இந்த வரியைப் பார்த்துப் பயந்து, அதை நிறுத்த முயன்றேன். நிற்கவில்லை. வைரஸ்தான் என்று நானே முடிவு கட்டி, ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்துவிட்டேன். மகளின் முதல் பிறந்த நாள் போட்டோக்களும் அதோடு போயின. மீண்டும் விண்டோஸ் பதிந்து பார்த்தால், அதே வரி, அதே 98!

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளை ஒரு சேர அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10 மற்றும் 11ல் இந்த வரி டீட்டெய்ல்ஸ் பிரிவில் இருக்கும். அதன் பி.ஐ.டி. எண் 0.

இது ஒரு புரோகிராமே அல்ல. ஒவ்வொரு புரோகிராமும் எவ்வளவு நேரம் சி.பி.யு.வைப் பயன்படுத்தியது என்று விண்டோஸ் கணக்கு எழுதி வருகிறது. யாருக்கும் வேலை இல்லாத நேரத்தையும் ஏதாவது ஒரு பெயரில் எழுத வேண்டுமே! அந்தப் பெயர்தான் சிஸ்டம் ஐடில் ப்ராசஸ். 98 என்றால் பிராசசர் 98 சதவீத நேரம் சும்மா இருக்கிறது என்று பொருள். எண் கூடக் கூட நமக்கு நல்லது.

டாஸ்க் மேனேஜர் வழக்கமாக நொடிக்கு ஒரு முறை இந்தக் கணக்கைப் பார்த்து, முந்தைய தொகையைக் கழித்து சதவீதமாக்குகிறது. ஆகவே நீங்கள் காண்பது கடந்து போன நொடியின் கணக்கு. எக்ஸ்பியில் கணக்கு எழுதும் முறையும் சற்றுக் கரடுமுரடானது. கம்ப்யூட்டரைப் பொறுத்து நொடிக்கு 64 அல்லது 100 முறை எட்டிப் பார்த்து, அந்தக் கணத்தில் ஓடிக் கொண்டிருந்த புரோகிராமின் பெயரில் முழு இடைவெளியையும் எழுதிவிடும். ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவனைப் போல! 2007ல் வெளியான விஸ்டா முதல், பிராசசரின் சைக்கிள்களையும் விண்டோஸ் எண்ணத் தொடங்கியது.

உண்மையில் கவனிக்க வேண்டிய எண் வேறு. டீட்டெய்ல்ஸ் பிரிவில் எல்லா கோர்களும் சேர்ந்துதான் 100. உங்கள் பிராசசரில் 4 கோர்கள் இருந்து, சிக்கிக் கொண்ட புரோகிராம் ஒன்று ஒரே கோரை முழுதாகப் பிடித்துக் கொண்டால், அதன் எதிரே 25 என்றுதான் தெரியும். லினக்ஸில் டாப் கட்டளை கொடுத்தால் அதையே 100 என்று காட்டும். ஏதாவது ஒரு புரோகிராம் வெகு நேரம் 25லேயே நின்றால், பைலை சேவ் செய்ய முடிகிறதா என்று முதலில் பாருங்கள். அதன் பின் எண்ட் டாஸ்க் அழுத்தி அதை மட்டும் மூடினால் போதும்.