துறையறிந்து தொடுத்தல்

அமெரிக்காவிலிருந்து திரும்பும் உறவினர் ஒருவர் கோப்பி காய்ச்சும் மின்கலம் ஒன்றைக் கொண்டுவந்து தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் செருகியின் தட்டையான முனைகள் இலங்கைச் சுவரிலுள்ள துளைகளுக்குப் பொருந்துவதில்லை. கடையிலே மலிவாகக் கிடைக்கும் மாற்றுத்துண்டு ஒன்றை இடையில் வைத்ததும் பொருந்திவிடுகிறது. ஆளியை அழுத்திய சிறிது நேரத்தில் கலம் கருகிப்போகிறது. 120 வோல்ற்றுக்கு அமைந்த கலத்துக்கு 230 வோல்ற் கிடைத்தால், அதன் சூடேற்றும் கம்பியில் மூன்றரை மடங்குக்கு மேற்பட்ட வெப்பம் பிறக்கும். சுவர்த்துளை செருகியை ஏற்றுக்கொண்டது, மின்சாரம் ஏற்றுக்கொள்ளவில்லை.

கணினியின் முதுகிலும் விலாவிலும் காணப்படும் துளைவாய்களுக்குத் தமிழில் துறை என்று பெயர். பொருத்தமான பெயரே. ஓடம் எந்தத் துறையிலும் ஒதுங்கலாம். ஆழம் பார்த்து ஒதுங்கினாற்றான் தரை தட்டாது. முன்னர் அச்சுப்பொறியும் மொடெமும் மாத்திரமே வந்து சேர்ந்த துறைகளில், இன்று பாடசாலை மாணவரும் வானொலி திருத்துவோரும் அலைவுகாட்டிகளையும், சிறு கட்டுப்பாட்டுப் பலகைகளையும், அளவுமானிகளையும் தொடுக்கிறார்கள். கருவி கைக்கு வந்ததும் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, இது இதற்குள் போகுமா என்பது. அது கேட்கவேண்டிய கேள்விகளுள் மிக எளியது.

வடிவம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குப் பழைய 25 ஊசி இணைப்பி நல்ல சான்று. 1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியில், 25 துளை கொண்ட வாய் அச்சுப்பொறிக்கான சமாந்தரத் துறை. 25 ஊசி நீட்டிய வாய் தொடர் துறை. 1986 இல் வந்த மக்கின்ரொஷ் பிளஸ் கணினியிலோ அதே 25 துளை வாய் வட்டுக்களைத் தொடுக்கும் ஸ்கசித் துறை. மூன்றுக்கும் ஓடு ஒன்றே. உள்ளே ஓடும் சைகைகள் வேறு வேறு. ஊசிக்கு எதிரே துளை என்ற ஏற்பாடு ஓரளவு காவலாக நின்றது. ஆனால் ஊசியைத் துளையாக மாற்றும் துண்டுகளும் கடைகளில் விற்பனைக்கு வந்தமையால் அந்தக் காவலும் தளர்ந்தது.

அடுத்து நோக்கவேண்டியது மின்னழுத்தம். பெரும்பாலான விபத்துக்கள் இங்கேதான் நிகழ்கின்றன. தொடர் துறைக்கான ஆர்.எஸ். 232 என்னும் நியமம் 1960 இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. அதன்படி கம்பியின் அழுத்தம் மறை 3 இலிருந்து மறை 15 வோல்ற் வரை இருந்தால் அது ஒன்று. நேர் 3 இலிருந்து நேர் 15 வரை இருந்தால் அது பூச்சியம். புதிதாகப் பயில்வோருக்கு இது தலைகீழாகத் தோன்றும், உண்மையில் தலைகீழ்தான். ஆர்டுயினோ ஊனோ போன்ற பலகையில் ஒன்று என்பது 5 வோல்ற், பூச்சியம் என்பது வெறுமை. ராஸ்பெரி பை பலகையில் ஒன்று என்பது 3.3 வோல்ற், அதன் ஊசிகள் 5 வோல்ற்றையே தாங்கமாட்டா. அனுப்பும் கம்பி, பெறும் கம்பி, பொதுக் கம்பி என்னும் பெயர்கள் எல்லாவற்றிலும் ஒன்றாயிருப்பதைக் கண்டு, பழைய தொடர் துறையை நேரே இப்பலகையிற் கட்டியவர் பலகையை இழப்பார். இடையிலே மட்டமாற்றிச் சில்லு ஒன்று வேண்டும்.

கைநூல் தொலைந்துபோன கருவியிலும் இதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. கருவி எதையும் அனுப்பாது சும்மா இருக்கும் வேளையில், அதன் அனுப்பும் ஊசிக்கும் பொது ஊசிக்கும் இடையில் பன்மானியை வைத்துப் பார்க்கலாம். மறை அழுத்தம் பல வோல்ற் காட்டினால் அது ஆர்.எஸ். 232, நேர் 5 அல்லது நேர் 3.3 காட்டினால் அது பலகை வகை.

மின்னோட்டத்தின் கணக்கு இலகுவானது. யூ.எஸ்.பி. 2.0 துறை தரக் கடமைப்பட்டது 500 மில்லியம்பியர், 3.0 துறை 900. கருவி 700 வேண்டினால் பழைய துறையில் அது விழித்து விழித்துச் சோரும். தனக்கென மின்வழங்கியுடைய கிளைப்பெட்டி ஒன்றே அதற்கு மருந்து.

நீள்வட்ட வாயுடைய யூ.எஸ்.பி. சீ வகை 2014 இல் வகுக்கப்பட்டபோது, இனிப் பொருத்தம் பார்க்கும் தொல்லையில்லை என்று பலர் எண்ணினர். எப்பக்கம் திருப்பினும் நுழையும் 24 ஊசிச் செருகி அது. ஆயினும் ஒரே வாய் ஒரு கணினியில் படத்தையும் கடத்தும். இன்னொன்றில் பழைய வேகத்துக்கு மேற் போகாது. வடமும் அவ்வாறே. 2016 பெப்ரவரியில் கூகிள் பொறியியலாளர் பென்சன் லியூங், விற்பனையிலிருந்த சீ வடங்களை வாங்கிச் சோதித்து முடிவுகளை வெளியிட்டு வந்தபோது, ஒரு வடத்தைத் தமது சோதனைக் கருவியிற் செருகினார். அவ்வடத்தில் ஒரு முனையின் பொதுக் கம்பி மறுமுனையின் 5 வோல்ற் ஊசியோடு இணைக்கப்பட்டிருந்தது. 56 கிலோஓம் தடை இருக்கவேண்டிய இடத்தில் 10 கிலோஓம் இருந்தது. அத்தடைதான் எவ்வளவு மின்னோட்டம் எடுக்கலாம் என்பதைக் கருவிக்கு உரைப்பது. இரண்டு சோதனைக் கருவிகளும் மடிக்கணினியின் இரு சீ துறைகளும் செயலிழந்தன. சோதிப்பதற்கென்றே அமைந்தவரின் மேசையில் நிகழ்ந்தது இது. புதிய வடத்தை விலையுயர்ந்த கணினியிற் செருகுமுன் பன்மானியால் அதன் இரு முனைகளையும் ஒப்புநோக்குவது வீண்வேலையன்று.

பொருள் நட்டத்தோடு நில்லாத ஆபத்தும் உண்டு. யூ.எஸ்.பி. வழியே இயங்கும் அலைவுகாட்டிகள் பலவற்றில், நுனியிலுள்ள பொதுக் கவ்வி கணினியின் உலோகச் சட்டத்தோடு நேரே தொடர்புடையது. மூன்று முனைச் செருகியுள்ள கணினியின் சட்டம் புவித்தொடுப்போடு தொடர்புடையது. அக்கவ்வியை வீட்டு மின்சாரத்தோடு நேரே தொடர்புள்ள சுற்றிற் கவ்வினால், மின்னோட்டம் கருவியையும் கணினியையும் ஊடறுத்து நிலத்துக்குப் பாயும். மடிக்கணினியின் செருகியைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் இயக்கினாற் போதும் என்பர் சிலர். அது மேலும் கொடிது. பாய வழியின்றி மின்சாரம் கணினியின் உடலிலேயே நிற்க, அதனைத் தொடும் கை நிலத்துக்கு வழியாகிவிடும். இத்தகைய அளவீட்டுக்கு வேற்றுமை நுனியோ தனிப்படுத்தியோ இன்றியமையாதது.

மின்சாரம் ஒத்துப்போன பின்பு மென்பொருள் ஒத்துப்போகவேண்டும். பழைய சமாந்தரத் துறையின் ஊசிகளை நேரே ஏற்றி இறக்கி வேலைசெய்த சோதனைக் கருவிகள், யூ.எஸ்.பி. அச்சுப்பொறி மாற்றியோடு பேசுவதில்லை. அம்மாற்றி அச்சுப்பொறியின் மொழியை மாத்திரமே அறியும். தொடர் துறை மாற்றிகளிலோ வேறொரு சிக்கல். 2014 ஒக்ரோபரில், ஸ்கொட்லாந்தின் எப்.ரி.டி.ஐ. நிறுவனத்தின் இயக்கி மென்பொருள், விண்டோஸ் புதுப்பித்தல் வழியே கணினிகளை வந்தடைந்து, அந்நிறுவனச் சில்லைப் போலச் செய்யப்பட்ட போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைப் பூச்சியமாக்கியது. நேற்றுவரை இயங்கிய வடங்கள் மறுநாள் அடையாளமற்றுப் போயின. எதிர்ப்பு எழவே அம்மென்பொருள் மீளப்பெறப்பட்டது. வாங்கியவர்களுட் பலர் தம்மிடம் இருப்பது போலி என்பதையே அன்றுதான் அறிந்தனர்.

இத்தனைக்கும் பின்னரே கருவியைத் தொடுக்கும் வேளை வருகிறது. 9 ஊசித் தொடர் துறையாயின், கருவியை அப்பால் வைத்துவிட்டு, வடத்தின் மறுமுனையில் 2 ஆம் 3 ஆம் ஊசிகளைச் சிறு கம்பியால் ஒன்றுசேர்த்து, ஓட்டக் கட்டுப்பாட்டை நிறுத்தி, விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டவேண்டும். அந்த எழுத்து திரையில் திரும்பி வந்தால் துறையும் வடமும் மென்பொருளும் நலம். பின்னர் கருவியைத் தொடுத்தும் அது வாய்திறவாவிடின், இரு பக்கமும் ஒரே வேகத்தில், அதாவது 9600 என்றால் 9600 இல், வைக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்கவேண்டும். அதுவும் சரியாயின் அனுப்பும் கம்பி அனுப்பும் கம்பியோடேயே சேர்ந்திருக்கக்கூடும்; இரண்டையும் குறுக்காக மாற்றித் தரும் வடம் ஒன்று அவ்விடத்துக்குத் தேவை.