பெல்லட் அடுப்பின் ஊதுவிசிறி: பழுதறிதலும் பராமரிப்பும்

பெல்லட் அடுப்பு என்பது மரத்தூள், நிலக்கடலைத் தோல், மக்காச்சோளத் தட்டை போன்ற கழிவுகளை இயந்திரத்தில் அழுத்திச் செய்த சிறு குச்சிகளால் எரியும் அடுப்பு ஆகும். இக்குச்சிகளே பெல்லட் எனப்படுகின்றன. இந்தியாவில் 2006ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ‘ஊர்ஜா’ அடுப்பு இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தில் உருவான அதனுள் மின்கலத்தால் சுழலும் சிறு விசிறி இருந்தது. இன்று தேநீர்க் கடை, உணவகம், விடுதிச் சமையலறை ஆகியவற்றில் 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் புளோயர் பொருத்திய பெரிய அடுப்புகளும் பயன்படுகின்றன.

விசிறியின் பணி

விசிறி தரும் காற்று இரண்டாகப் பிரிகிறது. அடியில் நுழையும் காற்று பெல்லட்டைச் சூடாக்கி எரிவாயுவாக மாற்றுகிறது. மேல் துளைகள் வழியே வரும் காற்று அந்த வாயுவை முழுமையாக எரிக்கிறது. விசிறி தளர்ந்தால் வாயு அரைகுறையாக எரிந்து புகையும் கரியும் மிகும். நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் உண்டாகும். சமைக்கும்போது விசிறி நின்றுவிட்டால் மேலும் பெல்லட் போடாமல், கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, அடுப்பைத் தானாக அணைய விட வேண்டும். சூடான அடுப்பில் தண்ணீர் ஊற்றவோ அதைத் தூக்கவோ கூடாது.

பழுதைக் கண்டறியும் முறை

அடுப்பு ஆறிய பிறகு, பிளக்கைக் கழற்றிவிட்டே சோதனையைத் தொடங்க வேண்டும்.

1. ஒலியே இல்லை: மின்சாரம் வந்து சேரவில்லை என்பதே முதல் ஐயம். பிளக், பியூஸ், சுவிட்ச், ஒயர் இணைப்பு ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். 12 வோல்ட் விசிறியானால் அடாப்டரையும் மின்கலத்தையும் அளக்க வேண்டும். முழுதும் ஏறிய ஈய அமில மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். விசிறியை இணைத்ததும் அளவு வெகுவாகச் சரிந்தால் மின்கலம் தளர்ந்துவிட்டது என்று பொருள்.

2. உறுமுகிறது, சுழலவில்லை: பிளக் கழற்றிய நிலையில் இறக்கையை விரலால் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் பேரிங் அல்லது புஷ் காய்ந்திருக்கும், சாம்பலும் அடைத்திருக்கலாம். எளிதாகச் சுழன்றால், கப்பாசிட்டர் உள்ள மோட்டாரில் அதுவே பழுதாகியிருக்க வாய்ப்பு மிகுதி. அதன்மேல் அச்சிட்ட அதே மைக்ரோபாரட் அளவில் புதியதைப் பொருத்த வேண்டும். கப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால் அதன் முனைகளைத் தொடக் கூடாது. இது குறைந்த விலைப் பொருள். இதைச் சோதிக்காமல் மோட்டாரையே மாற்றுவது வீண் செலவாகும்.

3. மெதுவாகச் சுழல்கிறது: இறக்கையில் படிந்த தூசி, காய்ந்த புஷ், தளர்ந்த கப்பாசிட்டர், பழுதான ரெகுலேட்டர், குறைந்த மின்னழுத்தம் ஆகியவை காரணங்கள். எளியதான தூசி நீக்கலில் தொடங்கி ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும்.

4. நன்றாகச் சுழல்கிறது, தணல் சரியில்லை: பழுது விசிறியில் இல்லை, காற்று வழியில் உள்ளது. ஆறிய அடுப்பின் மேல் துளைகளருகே மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்து விசிறியை ஓட்டினால், காகிதம் படபடக்க வேண்டும். படபடக்காத இடத்தில் சாம்பலோ உருகி இறுகிய கசடோ அடைத்திருக்கும். துளைகள் சரியாக இருந்தால் பெல்லட் ஈரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நேர்மின் விசிறியில் ஒயரை மாற்றி இணைத்தால், சில மோட்டார்கள் எதிர்த்திசையில் சுழன்று காற்றைக் குறைத்துவிடும்.

5. சிறிது நேரம் ஓடி நிற்கிறது: மோட்டார் மிகையாகச் சூடாகி, உள்ளிருக்கும் வெப்பக் காப்பு மின்னோட்டத்தைத் துண்டித்திருக்கலாம். ஆறியதும் மீண்டும் ஓடினால் இதுவே காரணம். எரிந்த நாற்றம் வந்தால் சுருள் கருகியிருக்கும். அதனை ரீவைண்டிங் கடையில்தான் சரிசெய்ய முடியும்.

பராமரிப்பு

சமையல் முடிந்ததும் விசிறியை உடனே நிறுத்துவது பெரும் தவறு. அடுப்பின் வெப்பம் பின்னோக்கிச் சென்று மோட்டாரைத் தாக்கும். தணல் அடங்கும்வரை குறைந்த வேகத்தில் ஓட விட வேண்டும். சாம்பலை நாள்தோறும் அகற்ற வேண்டும். சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்டு ஆலையும் உள்ள அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையம் போன்ற ஊர்களிலும், லாரிகள் ஓடும் சாலையோரக் கடைகளிலும் இறக்கையின் தூசியை அடிக்கடி தூரிகையால் துடைப்பது நல்லது. எண்ணெய் விடும் துளை உள்ள புஷ்ஷுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஓரிரு துளி போதும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகி இறுகிவிடும். மூடிய பேரிங்கிற்கு எண்ணெய் தேவையில்லை. இரைச்சல் வந்தால் மாற்ற வேண்டும். 230 வோல்ட் புளோயருக்கு எர்த் இணைப்பு கட்டாயம் இருக்க வேண்டும். பெல்லட் மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகையின் மேல் அடுக்கினால் மழைக்காலத்திலும் ஈரம் ஏறாது.