மூளையும் முண்ணாணும் உருவாதலில் நுண் ஆர். என். ஏ.க்களின் பங்கு

முளையத்தின் முதுகுப் புறத்திலே முதலில் ஒரு தகடு தோன்றுகின்றது. அத்தகடு மடிந்து குழாயாகின்றது. குழாயின் முன்னந்தம் மூளையாகவும் எஞ்சிய பகுதி முண்ணாணாகவும் விருத்தியடைகின்றன. உடலின் கலங்கள் ஏறக்குறைய யாவும் ஒரே பரம்பரையலகுத் தொகுதியைப் பெற்றிருக்கவும், சில நரம்புக் கலங்களாகவும் சில தோற் கலங்களாகவும் மாறுவது எங்ஙனம்? இவ்வினாவிற்குரிய விடையின் ஒரு கூற்றினை நுண் ஆர். என். ஏ. என்னும் மூலக்கூறுகள் தருகின்றன.

பரம்பரையலகின் கட்டளையைத் தூது ஆர். என். ஏ. குழியவுருவிற்குக் கொண்டுசெல்ல, அங்கே அதற்கேற்பப் புரதம் ஆக்கப்படுகின்றது. நுண் ஆர். என். ஏ.யோ ஏறத்தாழ 22 நியூக்கிளியோற்றைட்டுக்களே கொண்டது. அது தானாக எப்புரதத்தையும் ஆக்குவதில்லை. தனக்கு இசைந்த தூதினைப் பற்றி, அதனைச் சிதைக்கும் அல்லது அதன்வழிப் புரதம் ஆக்கப்படுதலைத் தடுக்கும்.

1993ஆம் ஆண்டில், ஒரு மில்லிமீற்றர் நீளமேயுள்ள உருளைப் புழுவொன்றினை ஆராய்ந்த விக்ரர் அம்புறோஸ், கரி ரவ்கன் என்போர் இவ்வியல்பினை வெளிப்படுத்தினர். இஃது அப்புழுவிற்கே உரியதெனக் கருதப்பட்டமையால் அறிஞருலகம் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 2000ஆம் ஆண்டில், இவ்வகையான மற்றொரு மூலக்கூறு மனிதனிலும் உண்டெனக் காணப்பட்டபோது நிலைமை மாறியது. 2024இல் அவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

நுண் ஆர். என். ஏ.யை வெட்டி ஆக்கும் நொதியம் டைசர் எனப்படும். 2005இல், இந்நொதியம் முற்றாக அற்ற வரிக்குதிரை மீன் முளையங்கள் ஆராயப்பட்டன. அவற்றின் மூளை உரிய வடிவம் பெறவில்லை. 430 என்னும் எண் பெற்ற நுண் ஆர். என். ஏ.யைப் புகுத்தியபொழுது அக்குறை பெரிதும் நீங்கியது. முண்ணாணிலும் இதனையொத்த உண்மை புலனாயிற்று. 218 என்னும் எண்ணுடையது அங்குள்ள இயக்க நரம்புக் கலங்களில் மிகுதியாயுண்டு. அஃதற்ற எலிக் குட்டிகளில் நரம்பிற்கும் தசைக்குமுள்ள தொடர்பு செயலிழந்தது. அவை பிறப்பொடு இறந்தன என 2015இல் அறியப்பட்டது.

தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு 2011இல் நிகழ்ந்த சோதனை நேரிய விடை பகர்கின்றது. மனிதத் தோலின் நார்க்கலங்களுள் 9, 124 என்னும் எண்ணுடையவை செலுத்தப்பட்டன. அக்கலங்களுள் ஒரு பகுதி நரம்புக் கலங்களின் இயல்பினைப் பெற்றது. நரம்பிற்கு வேண்டாத கட்டளைகள் அடக்கப்படவே வேண்டியவை தலைதூக்கின. ஆதலின் கலமொன்றின் தன்மையை அறியப் புகுவோர், அதில் நிறைவேறும் கட்டளைகளை மட்டுமன்றித் தடுக்கப்படும் கட்டளைகளையும் ஆராய்தல் வேண்டும்.