தொடர்மாடியில் மின்சாரக் கார்: அயலவர் இணக்கமும் சட்டத்தின் தெளிவும் அவசியம்

ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நீடித்த தடையின் பின்னர், 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் தனியார் பாவனைக்கான வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. அதனையடுத்து எமது வீதிகளில் மின்சாரக் கார்கள் கண்கூடாகவே பெருகி வருகின்றன. காலி வீதியில் சில நிமிடங்கள் நின்று பார்ப்பவருக்கு இது புரியும். ஆனால், அந்தக் கார்கள் இரவில் எங்கே சென்று தரிக்கின்றன, எங்கிருந்து மின்சாரம் பெறுகின்றன என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தனி வீட்டில் வசிப்பவருக்கு இது ஒரு பிரச்சினையே அல்ல. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளில் தொடர்மாடிகளில் வசிப்போருக்கோ காரை வாங்குவதிலும் பார்க்க அதற்கு மின்னேற்றுவதே பெரும்பாடாகி விடுகின்றது. தலைநகரில் வாழும் தமிழ் மக்களில் கணிசமானோர் தொடர்மாடிவாசிகள் என்பதால் இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்குவது பொருத்தமானதென நாம் கருதுகின்றோம்.

மின்சாரக் கார்களை மக்கள் நாடுவதற்கான காரணத்தை நீண்ட தூரம் தேடிச் செல்ல வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு எரிபொருள் நிலையங்களின் முன்னால் நாட்கணக்கில் காத்துக் கிடந்த அனுபவமும், அதன் பின்னர் கியூ.ஆர். அட்டையைக் காட்டி லீற்றர் கணக்கில் பெற்றோல் வாங்கிய அனுபவமும் எவருக்கும் மறந்திருக்க மாட்டா. அதே ஆண்டின் மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலங்கள் வரை மின்சாரமும் தடைப்பட்டது என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். எனவே மின்சாரக் கார் வைத்திருப்பவர் எல்லா நெருக்கடிகளிலிருந்தும் தப்பியவராகி விடுவதில்லை. ஆயினும் கூரையில் வீழும் வெயிலிலிருந்தும் மலையில் பெய்யும் மழையிலிருந்தும் எம்மால் மின்சாரம் பெற முடியும். பெற்றோலின் ஒவ்வொரு துளிக்கும் அந்நியச் செலாவணி வேண்டும்.

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நகரப் பாவனைக்கான சாதாரண மின்சாரக் கார் ஒன்று ஓர் அலகு மின்சாரத்தில் ஏறக்குறைய ஆறு கிலோமீற்றர் ஓடும். நாளொன்றுக்கு முப்பது கிலோமீற்றர் ஓடுபவருக்கு ஐந்து அலகுகள் போதும். வீட்டுச் சுவரிலுள்ள 13 அம்பியர் குதையில் மெதுவான மின்னேற்றியைப் பொருத்தி 10 அம்பியர் அளவில் மின்சாரம் எடுத்தால் 2.3 கிலோவாட் வலு கிடைக்கும். அதாவது இரண்டு மணித்தியாலங்களுக்குச் சற்று அதிகமான நேரத்தில் அன்றைய தேவை நிறைவேறி விடுகின்றது. 32 அம்பியர் இணைப்புடைய சுவர் மின்னேற்றி 7 கிலோவாட்டுக்கு மேல் தரும். அதற்கு முக்கால் மணித்தியாலமே போதும். ஆகவே தொடர்மாடிவாசி ஒருவருக்கு நாளாந்தம் தேவைப்படுவது மலையளவு மின்சாரம் அல்ல. ஓர் இரவில் குளிரூட்டி எடுக்கக்கூடிய அளவே அது.

அவ்வாறாயின் தடை எங்கே இருக்கின்றது? தனி வீட்டில் நிலம், மின்வடம், மின்மானி ஆகிய மூன்றும் ஒருவருக்கே உரியவை. தொடர்மாடியில் இம்மூன்றும் பிரிந்து கிடக்கின்றன. மின்மானி எட்டாம் மாடி வீட்டுக்கு உரியது. கார் நிற்பதோ நிலக்கீழ் தளத்தில். இடைப்பட்ட சுவர்களும் மின்வடங்கள் செல்லும் குழாய்ப் பாதைகளும் எல்லோருக்கும் பொதுவானவை. தரிப்பிடம் சில கட்டடங்களில் வீட்டின் உறுதியிலேயே சேர்த்து எழுதப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் அது பொதுப் பகுதியாகவே இருக்க, பாவிக்கும் உரிமை மாத்திரம் வீட்டுக்காரருக்கு வழங்கப்பட்டிருக்கும். தரிப்பிடம் தமக்கே சொந்தம் என நம்பியிருக்கும் பலர் உறுதியையும் கட்டட வரைபடத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நன்று.

எமது நாட்டில் தொடர்மாடிகளின் உரித்து 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரித்துச் சட்டத்தின் கீழ் வருகின்றது. இச்சட்டம் 1982ஆம் ஆண்டிலும் 2003ஆம் ஆண்டிலும் திருத்தப்பட்டது. வீட்டு உரிமையாளர்கள் அனைவரும் சேர்ந்து முகாமைத்துவக் கூட்டுத்தாபனமாக அமைவதும், பொதுப் பகுதிகளை அக்கூட்டுத்தாபனம் பராமரிப்பதும் இதன் அடிப்படை. மேற்பார்வைப் பொறுப்பு கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையிடம் உள்ளது. இச்சட்டம் எழுதப்பட்ட காலத்தில் கார் என்றால் பெற்றோல் கார்தான். அதற்குத் தேவைப்பட்டது நிழல் மாத்திரமே. தரிப்பிடத்துக்கு மின்சாரமும் வேண்டியிருக்கும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க நியாயமில்லை.

இதனால் நடைமுறையில் எல்லாமே நிருவாகக் குழுவின் விருப்பு வெறுப்பைச் சார்ந்ததாகி விடுகின்றது. ஒரு கட்டடத்தில் கேட்டவுடன் அனுமதி கிடைக்கும். அடுத்த கட்டடத்தில் காரணம் கூறாமலே மறுக்கப்படும். பொதுக்கூட்டத்தைக் கூட்டித் தீர்மானம் எடுப்போம் என்றாலும் அதுவும் இலகுவன்று. எமது பகுதித் தொடர்மாடிகளில் பல வீடுகளின் உரிமையாளர்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேர்ணிலும் வாழ்கின்றார்கள். இங்கு குடியிருப்போர் வாடகைக்காரர்கள். கார் வாங்குபவரிடம் வாக்கு இல்லை; வாக்குள்ளவர் இங்கில்லை. வாடகைக்குக் குடியிருப்பவர் தமக்கென ஒரு மின்னேற்றியைப் பொருத்த வேண்டுமாயின் உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதத்துடனேயே குழுவை அணுக வேண்டியிருக்கின்றது.

அனுமதி கிடைக்காத இடத்தில் குறுக்கு வழி பிறப்பது இயல்பு. மேல்மாடி ஜன்னலினூடாகத் தொங்கவிடப்படும் நீட்டிப்பு வயர், காவலாளியின் அறைக் குதையிலிருந்து இழுக்கப்படும் இணைப்பு என்பன இத்தகையவை. இதில் இரண்டு தவறுகள் உள்ளன. ஒன்று பாதுகாப்புச் சம்பந்தப்பட்டது. கைத்தொலைபேசிக்கு மின்னேற்றுவது போன்றதல்ல காருக்கு மின்னேற்றுவது. 10 அம்பியர் மின்னோட்டம் தொடர்ந்து பல மணித்தியாலங்கள் பாயும்போது மெல்லிய வயரும் தளர்ந்த குதையும் சூடேறி உருகக்கூடும். புவித்தொடுப்பும் ட்ரிப் சுவிச்சும் முறையாக இல்லாத பழைய கட்டடங்களில், மழைநீர் தேங்கும் தரிப்பிடங்களில், இது உயிராபத்தையே ஏற்படுத்தும். மற்றையது நீதி சம்பந்தப்பட்டது. பொது மின்மானியிலிருந்து மாதம் 150 அலகுகளை ஒருவர் எடுத்தால், அந்தப் பணத்தைக் கார் இல்லாத ஓய்வூதியரும் தமது பராமரிப்புக் கட்டணத்தின் ஊடாகச் செலுத்துகின்றார். 2022 ஓகஸ்ட் மாதத்திலும் 2023 பெப்ரவரி மாதத்திலும் அடுத்தடுத்து உயர்ந்த மின்கட்டணங்கள் பொதுப் பட்டியல்களை எவ்வாறு வீங்கச் செய்தன என்பதை நிருவாகக் குழுக்கள் நன்கறியும். மின்தூக்கிக்கும் நீர்ப்பம்பிக்குமே பணம் திரட்டத் திண்டாடும் கட்டடத்தில் இப்படியான செயல் அயலவர்களுக்கிடையில் பகையை மூட்டும். மின்சாரக் கார் என்றாலே சிலர் முகம் சுளிப்பதற்கு இதுவே காரணம். அந்த முகச்சுளிப்பில் நியாயம் இல்லையென்றும் கூறிவிட முடியாது.

அடுத்த ஆட்சேபம் கட்டடத்தின் மின்கொள்ளளவு பற்றியது. ஒருவருக்கு அனுமதித்தால் நாளை அறுபது பேரும் கேட்பார்கள், மின்மாற்றி தாங்குமா என்று கேட்கப்படுகின்றது. இதுவும் ஒரு கணக்கே. அறுபது வீடுகளும் 7 கிலோவாட் மின்னேற்றிகளைப் பொருத்தி, வேலை முடிந்து வந்ததும் ஒரே நேரத்தில் இயக்கினால் 420 கிலோவாட் தேவைப்படும். எமது கட்டடங்களில் பலவும் அதனைத் தாங்கா. ஆனால் அறுபது கார்களுக்கும் ஓர் இரவில் உண்மையாகத் தேவைப்படுவது 300 அலகுகள் மாத்திரமே. இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரையான ஏழு மணித்தியாலங்களில் அதனைப் பகிர்ந்தால் ஏறக்குறைய 43 கிலோவாட் போதும். அதாவது பத்தில் ஒரு பங்கு. இவ்வாறு மின்னேற்றிகள் தமக்குள் பேசி, கிடைக்கும் வலுவைப் பங்கிட்டுக் கொள்ளும் தொழில்நுட்பம் இன்று சாதாரணமாகச் சந்தையில் கிடைக்கின்றது. எனவே முதலாவது கார்க்காரரே கட்டடத்தின் எஞ்சிய கொள்ளளவு முழுவதையும் பிடித்துக்கொள்ள விடுவதும் பிழை. எவருக்குமே இல்லை என்பதும் பிழை. தொடக்கத்திலேயே பொதுவான திட்டம் ஒன்று வேண்டும்.

நேரமும் முக்கியமானது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்சத் தேவை நேரத்திலேயே விலை கூடிய எரிபொருளில் மின்சாரம் பிறப்பிக்கப்படுகின்றது. அந்நேரத்தில் காருக்கு மின்னேற்றுவது நாட்டுக்கும் பாரம், கட்டடத்துக்கும் பாரம். நேர அடிப்படையிலான கட்டண முறையில் நள்ளிரவு நேரத்து அலகு மலிவானது. வழமையான வீட்டுக் கட்டண முறையிலோ மேலதிகமாக 150 அலகுகள் சேரும்போது பாவனை மிக உயர்ந்த படிக்குத் தாவிவிடும். காரை வாங்குவதற்கு முன்னரே தமது இணைப்புக்கு நேர அடிப்படைக் கட்டணத்தைப் பெற முடியுமா என விநியோக நிறுவனத்திடம் விசாரித்துக் கொள்வது புத்திசாலித்தனம். பகல் நேரம் பற்றியும் சிந்திக்க வேண்டும். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையின்போது கேள்வி குறைந்திருந்ததனால் கூரைச் சூரிய மின்தொகுதிகளை நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை வேண்டுகோள் விடுத்தது. ஒருபுறம் வெயிலில் கிடைத்த மின்சாரம் வீணாக, மறுபுறம் கார்கள் வெறுமனே தரித்து நின்றன. தொடர்மாடியின் மொட்டை மாடியில் சூரியத் தகடுகள் இருந்தால், வார இறுதிப் பகலில் கீழே நிற்கும் கார்களே அதனை உள்வாங்கிக் கொள்ளும் களஞ்சியங்களாகலாம். மின்தடை வேளைகளில் கட்டடத்தின் மின்பிறப்பாக்கியில் இந்தச் சுமை ஏறாதவாறு தனியாகத் துண்டிக்கும் ஏற்பாடும் இருத்தல் அவசியம். காருக்கு மின்னேற்றியதால் மின்தூக்கி நின்றது என்ற நிலை வரக்கூடாது.

தீ அச்சத்தையும் நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. 2024 ஓகஸ்ட் முதலாம் திகதி தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் தொடர்மாடியொன்றின் நிலக்கீழ் தரிப்பிடத்தில் மின்சாரக் கார் ஒன்று தீப்பற்றியதில் நூற்றுக்கும் மேற்பட்ட வாகனங்கள் சேதமடைந்தன. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் நீரும் மின்சாரமுமின்றி அல்லலுற்றன. ஆயினும் அச்சம்பவத்தில் இரண்டு விடயங்கள் கவனிக்கத்தக்கன. அந்தக் கார் அப்போது மின்னேற்றப்பட்டுக் கொண்டிருக்கவில்லை. சும்மா தரித்து நின்றது. அத்துடன், அங்கிருந்த தானியங்கி நீர்த்தெளிப்பான் பணியாளர் ஒருவரால் நிறுத்தப்பட்டிருந்தமை விசாரணையில் தெரியவந்தது. மறுபுறம், 2023 ஒக்டோபரில் இங்கிலாந்தின் லூற்றன் விமான நிலையத் தரிப்பிடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்களை அழித்த தீ மின்சாரக் காரினால் மூண்டதென வதந்தி பரவியது. அது டீசல் கார் ஒன்றிலிருந்து தொடங்கியதாகவே தீயணைப்புப் பிரிவு தெரிவித்தது. மின்கலத் தீயை அணைப்பது கடினம் என்பது உண்மை. அதற்கான மருந்து காரை வாசலில் தடுப்பதல்ல. நீர்த்தெளிப்பான், புகை உணரி, காற்றோட்டம் என்பன உண்மையில் இயங்குகின்றனவா எனச் சோதிப்பதே ஆகும். எமது தொடர்மாடிகளில் இச்சோதனை கடைசியாக எப்போது நடந்தது என்று ஒவ்வொரு குழுவும் தன்னைத் தானே கேட்டுக் கொள்ளட்டும்.

வெளிநாடுகள் இச்சிக்கலைச் சட்டத்தினால் அணுகியுள்ளன. ஜேர்மனியில் 2020 டிசெம்பர் முதலாம் திகதி முதல், தமது செலவில் மின்னேற்றி அமைக்கக் கோரும் உரிமை தொடர்மாடி வீட்டு உரிமையாளருக்கு உண்டு. உரிமையாளர்களின் கூட்டம் அதனை எவ்வாறு அமைப்பது எனத் தீர்மானிக்கலாம். பொதுவாக அமைக்கவே கூடாது எனத் தடுக்க முடியாது. சிங்கப்பூரில் 2023 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், மின்னேற்றிகள் அமைப்பதற்கு வேண்டிய வாக்குப் பலத்தைக் குறைத்து வழியை இலகுவாக்கியது. இங்கிலாந்தில் 2022 ஜூன் மாதம் முதல் தரிப்பிடத்துடன் கட்டப்படும் புதிய வீடுகளுக்கு மின்னேற்றும் வசதி கட்டாயமாக்கப்பட்டது. சுவரை எழுப்பும்போதே குழாயைப் பதிப்பதற்கும், எழுப்பிய பின் உடைத்துப் பதிப்பதற்கும் இடையிலான செலவு வேறுபாடு வீடு கட்டிய எவருக்கும் தெரியும்.

எமது நாட்டிலும் இது தொடர்பில் மூன்று காரியங்கள் நடைபெற வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம். முதலாவது, தகைமை பெற்ற மின்பொறியியலாளரின் சோதனைக்கும் தனியான மின்மானிக்கும் உட்பட்டு, தமது செலவில் மின்னேற்றி அமைக்கும் உரிமை தொடர்மாடிவாசிக்கு உண்டு என்பது சட்டத்தில் ஐயந்திரிபற எழுதப்பட வேண்டும். இரண்டாவது, புதிய தொடர்மாடிகளுக்குத் திட்ட அனுமதி வழங்கும்போதே தரிப்பிடத்துக்கான மின்பாதைகளும் கொள்ளளவும் தீத்தடுப்பு ஏற்பாடுகளும் நிபந்தனைகளாக்கப்பட வேண்டும். மூன்றாவது, தற்போதுள்ள கட்டடங்களின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனங்கள் முதலாவது கார் வந்து சண்டை தொடங்கும் வரை காத்திராமல், கட்டடத்தின் மின்சுமையை ஒருமுறை அளந்து, பொதுவான விதிகளைப் பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றி வைத்துக்கொள்ள வேண்டும். எவர் எடுத்தாரோ அவரே செலுத்துவார் என்ற ஒரு விதியை முறையாக நடைமுறைப்படுத்தினாலே பாதிப் பிணக்குகள் தீர்ந்துவிடும்.

கார் வாங்குபவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. முற்பணம் செலுத்துவதற்கு முன்னர் குழுவுக்கு எழுத்துமூலம் அறிவித்துப் பதிலைப் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அனுமதி கேட்பது வேண்டுகோள் அல்ல, நெருக்குதலே ஆகும். அதேவேளை, தமக்குக் கார் இல்லை என்பதற்காக மற்றவரின் நியாயமான தேவையை மறுப்பவர்களும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மின்தூக்கி கீழ்த்தளத்தில் குடியிருப்பவருக்குத் தேவையற்றது. ஆயினும் அதன் செலவில் அவரும் பங்கு கொள்கின்றார். இங்கே அவரிடம் பணம் கேட்கப்படவில்லை, வழி விடுமாறே கேட்கப்படுகின்றது. ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் வாழ்வதற்கு அடிப்படையான இந்த விட்டுக்கொடுப்பைச் சட்டம் தெளிவாக்கட்டும். அயலவர்கள் அதனை இலகுவாக்கட்டும்.