தோல் அறியும் வர்ணம்

கண்ணுக்கே உரியதென்று நாம் கருதும் வர்ண ஞானத்தை ஸ்பரிசத்தின் வாயிலாகவும் பெற இயலுமா என்ற ஆராய்ச்சிக்கு வித்திட்டவர், அமெரிக்க விஞ்ஞானி பால் பாக்-இ-ரீட்டா ஆவார். பல் வைத்தியருடைய பழைய நாற்காலி ஒன்றின் சாய்மானத்தில் 400 அதிரும் முனைகளைப் பதித்து, தொலைக்காட்சிக் காமிரா கண்ட உருவத்தை அதில் அமர்ந்த பார்வையற்றவரின் முதுகில் அதிர்வுகளாக எழுதிக் காட்டிய தம் பரிசோதனையை அவர் 1969-இல் வெளியிட்டார். பயின்றவர்கள் தொலைபேசி முதலிய பொருள்களை இனங்கண்டார்கள் என்பதைவிட, காமிராவைத் தம் கையாலேயே திருப்பி ஆராய்ந்தபோது, முதுகின் அதிர்வை மறந்து, பொருள் தமக்கு எதிரே இருப்பதாகவே அவர்கள் உணர்ந்தார்கள் என்பதே எனக்குப் பேரதிசயமாகத் தோன்றுகிறது.

அந்த நாற்காலி ஒளியையும் இருளையும் மட்டுமே அறிந்தது. வர்ணத்தையும் உணர்த்த முயலும் அணிகருவிகளில், சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று வடிகட்டிகளின் பின்னே அமைந்த ஒளியுணரிகள் பொருளிலிருந்து வரும் வெளிச்சத்தை அளக்க, நுண்ணிய கணிப்பொறிச் சில்லு ஒன்று அவ்வளவுகளுக்கேற்ப, கைபேசியில் இருப்பவை போன்ற சிறு அதிர்வு மோட்டார்களை இயக்குகிறது.

கேட்கச் சுலபமாக இருப்பினும், இதில் சங்கடங்கள் பல. அதிர்வின் வேகத்தில் உள்ள சிறு பேதங்களைச் செவி பிரித்தறிவதுபோல் தோல் பிரித்தறிவதில்லை. ஆதலால் ஒவ்வொரு வர்ணத்துக்கும் உடலில் தனித்தனி இடம் ஒதுக்குவது உத்தமம். இடைவிடாத அதிர்வுக்குத் தோல் விரைவில் மரத்துவிடுமாகையால், விட்டுவிட்டுத் தட்டி உணர்த்துவது நல்லது. மாலை விளக்கொளியில் மஞ்சளாகிவிடும் வெள்ளைக் காகிதத்தையும் வெள்ளையென்றே நம் மூளை திருத்திக்கொள்கிறது. அத்திறமை இல்லாத கருவிக்கோ, தன் வெண்ணிற விளக்கையே உடன் கொண்டிருப்பது பெருந்துணை.

பிறவியிலேயே பார்வை இழந்தவருக்குச் செந்நிறத்தின் தோற்றத்தை இக்கருவி அப்படியே அளித்துவிடும் என்று சொல்வது, என் அபிப்பிராயத்தில், மிகையே. எனினும் உடுத்தும் துணியின் நிறத்தையும் பழுத்த தக்காளியின் சிவப்பையும் பிறரைக் கேளாமல் தாமே அறிவது அற்ப லாபமன்று. சிவப்பையும் பச்சையையும் எளிதில் வேறுபடுத்த இயலாத நிறக்குருடர்க்கும், உதாரணமாக வட ஐரோப்பிய வம்சத்து ஆடவரில் நூற்றுக்குச் சுமார் 8 பேருக்கு, இது துணையாகும். அணிபவர் தம் கையை நீட்டித் தாமே தேடும்போதுதான் அதிர்வு அறிவாகிறது என்பதை அந்த நாற்காலி கற்பித்திருப்பதால், இத்தகைய கருவிகளை ஆக்குவோர் பார்வையற்றவர்களை முதல் நாள் முதற்கொண்டே உடன் வைத்துக்கொண்டு ஆக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.