அரண்மனைக்காரன் தெருவும் ஆர்மீனிய மொழியும்

சென்னை ஜார்ஜ் டவுனிலுள்ள ஆர்மீனியன் தெருவைத் தமிழர் 'அரண்மனைக்காரன் தெரு' என வழங்கினர். ஆங்கு 1772இல் எழுந்த ஆர்மீனியத் தேவாலயம் உண்டு. பெயர்க்குக் காரணம் அரண்மனையன்று. பொருள் விளங்காத வேற்றுச்சொல், ஒலியால் நெருங்கிய தமிழ்ச்சொல்லாகத் திரிந்தது. 'காரன்' என்னும் ஈறு ஆளைக் குறித்தது. இது மக்கள் சொற்பிறப்பின்பாற்படும்.

இத்திரிபில் மறைந்தது ஓர் இனப்பெயர் மட்டுமன்று. 5ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் வகுத்த எழுத்தில், உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' வெளிவந்தது சென்னையிலேயே. ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்னும் பாதிரியார் 1794இல் தொடங்கிய அவ்விதழ் 1796 வரை நடந்தது. தாயகத்தில் தன்னரசு இல்லாத அந்நாளில், சிதறி வாழ்ந்த வணிகர்க்கு அச்சே பொதுக்களமாயிற்று.

மொழிபெயர்ப்பாளர் இத்தெருப்பெயரைப் பொருள்நோக்கி ஆங்கிலமாக்கின், எஞ்சிய ஒலித்தடயமும் அழியும். இவ்வச்சம் வீணன்று, ஹாமில்டன் பாலம் தமிழில் 'அம்பட்டன் வாராவதி'யாகி, ஆங்கிலத்திற்கு நாவிதர் பாலமாகவே திரும்பிற்று என்பர்.