கல்லில் எழுந்த பாடம்

கண்டி மாநகருக்கு யாத்திரை வருவோர், வாவிக்கரையில் சற்று உலாவி, தலதா மாளிகையைத் தரிசித்து, அந்தத் திருப்தியோடு ஊர் திரும்புவதே வழக்கம். அவர்களுள் சிற்பத்தில் நாட்டமுடையோர், உரிய அனுமதி பெற்று, ஊரார் 'திரினிட்டி' என்றழைக்கும் திரித்துவக் கல்லூரியின் தேவாலயத்தையும் ஒருமுறை கண்டு வருவார்களாயின், ஒரு பாடசாலைக் கட்டடமே பாடம் சொல்லும் ஆசானாகவும் விளங்கக்கூடும் என்பதை உணர்வார்கள்.

1857ஆம் ஆண்டில் ஆங்கிலேய மிஷனரிமார் தொடங்கி, இடையில் மூடப்பட்டு, 1872இல் மீண்டும் திறக்கப்பட்ட கல்லூரி இது. 1904 முதல் 1924 வரை அதிபராக விளங்கிய அலெக்சாண்டர் கார்டன் பிரேசர், இந்நாட்டு மாணவன் தன் தாய்மொழியையும் தன் மண்ணையும் மறந்துவிடுவது கல்வியாகாது என்று கருதி, சிங்களத்துக்கும் தமிழுக்கும் பாடத்திட்டத்தில் இடமளித்தார். அந்தக் கொள்கை கல்லுருவம் பெற்றதே இத்தேவாலயம் எனலாம்.

இதன் வரைபடத்தை அமைத்தவர் உப அதிபராயிருந்த வணக்கத்துக்குரிய கேஸ்டர். இங்கிலாந்துக் கோயில்களின் கூரிய கோபுரத்தையும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களையும் நாடாது, பொலன்னறுவையின் கல் மண்டபங்களையும் கண்டியரசர் காலத்துக் கட்டடக் கலையையும் அவர் முன்மாதிரியாகக் கொண்டார். 1783இல் நாயக்க வம்சத்து ஸ்ரீ ராஜாதி ராஜசிங்கன் தொடங்கிய மகுல் மடுவ, அதாவது அரசவை மண்டபம், இதே நகரில் இன்றும் நிற்கிறது. 1815ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குச் சென்றதும் அங்கேதான். அங்கே மரத்தில் கண்ட தூண் வரிசையை இங்கே கல்லில் காண்கிறோம். 1923இல் அஸ்திவாரக்கல் நாட்டப்பெற்று, 1935இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற இவ்வாலயத்தில், அருப்பொலைக் கற்சுரங்கத்தில் வெட்டிய பாறைகளிலிருந்து செதுக்கிய 54 தூண்கள் ஓடு வேய்ந்த கூரையைத் தாங்குகின்றன. பக்கங்களில் அடைப்புச் சுவர் கிடையாது. ஆதலால் பிரார்த்தனைக்கு அமரும் மாணவன் மலைக்காற்றையும் மரங்களின் பசுமையையும் மழையின் ஓசையையும் தன்னருகே உணர்கிறான்.

உட்சுவர்களில் டேவிட் பெயின்டர் தீட்டிய நான்கு பெருஞ்சித்திரங்கள் உள்ளன. ஆங்கிலேயத் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்து, இக்கல்லூரியிலே பயின்று, பின் இலண்டன் ராயல் அகடமியில் கலை கற்ற அவர், 1920களின் இறுதியில் தொடங்கிப் பல்லாண்டு உழைத்து இவற்றை நிறைவேற்றினார். வேதாகமக் காட்சிகளிலே நம் நாட்டு முகங்களும் நம் நாட்டு மரஞ்செடிகளும் தோன்றுவது இவற்றின் தனிச்சிறப்பு. சீடரின் பாதங்களைக் கழுவக் குனிந்த பெருமானையும், வழியில் வீழ்ந்து கிடந்தவனுக்கு இரங்கிய நல்ல சமாரியனையும் அருகில் நின்று நோக்குகையில், மதபேதம் பாராது எந்த உள்ளமும் கனியும்.

இத்தகைய செல்வத்துக்குப் பகை, கண்டியின் ஈரமே. திறந்த மண்டபமாதலால் சாரல் தடையின்றி நுழையும். ஓடொன்று விலகினாலும் நீர் சுவரில் இறங்கி, சுண்ணச்சாந்தைத் தளர்த்தி, அதன்மேற் படிந்த வர்ணத்தையும் உரித்துவிடும். கல்லிலோ பாசி படரும். பாசியைப் போக்க அமிலம் கொண்டு தேய்ப்பதும், பழஞ்சாந்து உதிர்ந்த இடத்தில் சீமெந்தைப் பூசி ஈரத்தை உள்ளே சிறைப்படுத்துவதும் நோயினும் கொடிய வைத்தியமாகும். மழைக்காலத்துக்கு முன்னரே கூரையைச் சோதித்தல், பீலிகளைத் துப்புரவாக்குதல், தேர்ந்த நிபுணரன்றி வேறெவரும் சித்திரத்தைத் தொடாதிருக்கச் செய்தல் ஆகிய எளிய கைங்கரியங்களே ஒரு கட்டடத்துக்கு நூறாண்டு ஆயுளை ஈவன.

கண்டி நகரம் 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் மரபுரிமை என்பது பட்டியலால் வாழ்வதன்று, பராமரிப்பால் வாழ்வது. பழைய மாணவர் சங்கங்கள் புதுக்கட்டடத்துக்கு நிதி திரட்டுகையில், பழைய கூரைக்கும் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பார்களாக. ஆசிரியர்கள் மாணவரை அத்தூண்களருகே அழைத்துச் சென்று, பாறையைத் தூணாக்கிய கைகளின் உழைப்பை எடுத்துரைப்பார்களாக. தான் பயின்ற கட்டடத்தின் அருமையை அறிந்த மாணவன் அதைச் சிதைய விடமாட்டான்.